வெற்றுக் கட்டத்தில் இருக்கும் ஊர்

அரியலூர் வட்டாரத்துப் புதைபடிவங்களை உலகின் பார்வைக்கு முதலில் கொண்டுபோனவர்கள் புவியியலாளர்கள் அல்லர். 1840-களில் சி. டி. கே, புரூக் கன்லிஃப் என்னும் இருவர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். இருவரும் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர்கள். நிர்வாகம் அவர்களுடைய தொழில். கல் பொறுக்கியது விருப்பத்தால். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அந்தக் கற்களை ஆராய்ந்து 1846-ல் விரிவாக எழுதினார். தென்னிந்தியாவின் இந்த உள்நாட்டு நிலம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது, அந்தக் கடல் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தைச் சேர்ந்தது என்பது அறிவியல் உலகுக்கு அப்படித்தான் தெரியவந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்கே வந்து பாறை அடுக்குகளை வரைபடமாக்கியதும், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்த உயிர்களைத் தடித்த தொகுதிகளில் விவரித்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. அந்த அதிகாரிகளுக்கு எந்த ஓடையில், எந்தக் கொல்லையில் சங்கு போன்ற கல் கிடைக்கும் என்று கைகாட்டிய ஊர்க்காரர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் எந்தத் தொகுதியிலும் இல்லை.

தொழில்முறை அறிவியலாளர் அல்லாத ஒருவர் அறிவியலுக்குச் சான்று தருவது, ஆகவே, புதிய செய்தி இல்லை. யாருக்கு அந்த வாய்ப்பு இருந்தது என்பதில்தான் மாற்றம். கே துரையின் கல் லண்டன் போய்ச் சேர்ந்தது. உழவர் கண்டெடுத்த கல் வரப்போரத்தில் கிடந்தது. கணினியும் இணையமும் பொதுமக்கள் பங்கேற்பும் சேர்ந்து அறிவியலை மாற்றுகின்றன என்று இன்று பேசும்போது, பெரும்பாலும் வேகத்தையும் அளவையும் சொல்லி வியக்கிறோம். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. யார் கண்டது சான்றாக எண்ணப்படும் என்ற வேலி இடம் மாறியிருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் பார்த்ததும், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற குறிப்போடு வந்தால், கணக்கில் சேர்கிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. பார்த்து எழுத ஆள் இல்லாத ஊர் அந்தக் கணக்கில் வெற்றுக் கட்டமாக நிற்கும். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை போன்ற ஓர் ஊர் இந்த மாற்றத்தில் எங்கே நிற்கிறது என்பது, ஆகவே, அந்த ஊரின் பெருமை சார்ந்த கேள்வி மட்டும் அல்ல. தமிழ்நாட்டைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பது எந்த அளவுக்குச் சரி என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

இதைத் தெளிவாகப் பார்க்க நமக்கு அருகிலேயே ஒரு நல்ல சோதனைக் களம் உண்டு: பறவைகள். மக்கள் கூடிப் பறவைகளை எண்ணும் வழக்கம் வட அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 27 பேருடன் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆர்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் இ-பேர்டு என்ற இணையத் தரவுத்தளத்தைத் தொடங்கின. யாரும், எங்கிருந்தும், பார்த்த பறவைகளின் பட்டியலை அதில் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கோலமும் கரும்பும் மாட்டுப்பொங்கலுமாக ஊரெல்லாம் வீட்டில் இருக்கும் அந்த நான்கு நாட்களில், ஒரு கால் மணி நேரமாவது வயலோரத்திலோ ஏரிக்கரையிலோ மொட்டைமாடியிலோ நின்று பட்டியல் எழுதுங்கள் என்பதுதான் அழைப்பு. வலசை வந்த பறவைகளும் உள்ளூர்ப் பறவைகளும் சேர்ந்திருக்கும் பருவம் அது என்பதால் நாள் பொருத்தமாக அமைந்தது. கால் மணி நேரம் என்பது அற்பமாகத் தோன்றலாம். அந்தக் கால் மணி நேரத்தை அறிவியலாக்கும் நுட்பம் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நுட்பம் இதுதான்: பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். அரிய பறவை ஒன்றைக் கண்டு மகிழ்ந்து அதை மட்டும் எழுதினால் அது ஒரு செய்தி. கண்ட, கேட்ட, இனம் தெரிந்த எல்லாவற்றையும், காகம், மைனா, கரிச்சான் உட்பட, எழுதினால் அதன் மதிப்பே வேறு. ஏனென்றால் அந்தப் பட்டியலில் இல்லாத பறவையும் அப்போது ஒரு தகவலாகிவிடுகிறது. பனங்காடையை எடுத்துக்கொள்வோம். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலம் விரிக்கும் பறவை. புன்செய்க் காட்டில் அதைக் காணாத விவசாயி இருக்க மாட்டார். ஓர் ஊரிலிருந்து வந்த 100 முழுப் பட்டியல்களில் 40-இல் பனங்காடை இருந்தது, பத்தாண்டு கழித்து 100-க்கு 25-இல்தான் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி ஒரு சரிவின் அடையாளம். ஆனால் பத்தாண்டுக்கு முன் எழுதியவர்கள் இரண்டு மணி நேரம் நடந்தவர்களாகவும், இப்போது எழுதுகிறவர்கள் பதினைந்து நிமிடம் நின்றவர்களாகவும் இருந்தால்? அதனால்தான் ஒவ்வொரு பட்டியலோடும் நேரமும் தொலைவும் கேட்கப்படுகின்றன. பட்டியலின் நீளத்தையும் சேர்த்து எடைபோட்டுப் புள்ளியியல் முறைகள் அந்த வேறுபாட்டைச் சரிசெய்கின்றன. பட்டியல்கள் நிறைந்த நகரத்தின் குரல் மற்ற ஊர்களை மூழ்கடிக்காதபடி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இத்தனை ஆயிரம் பேரின் இத்தனை வகை உழைப்பை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் இந்த வேலையைக் கையால் செய்ய முடியாது. கணினி இல்லாமல் மக்கள் பங்கேற்பு குறிப்பேட்டுக் குவியலாகவே நின்றுபோயிருக்கும்.

குறிப்பேடுகளும் வீணாகவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 2020-லும் 2023-லும் வெளியானது. பல ஆய்வு நிறுவனங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் கூடித் தயாரித்தவை இவை. இரண்டாவது அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அடிப்படை. 2000-க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட வேண்டியிருந்ததால், மூத்த பறவை ஆர்வலர்கள் தங்கள் பழைய நாட்குறிப்புகளைத் தூசிதட்டி இணையத்தில் ஏற்றியது அந்த ஒப்பீட்டுக்குக் கைகொடுத்தது. 942 வகைப் பறவைகளை மதிப்பிட முயன்றதில், 338 வகைகளுக்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதிய தரவு இருந்தது. அந்த 338-இல் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. பனங்காடையும் அவற்றில் ஒன்று. 30 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்ததால் உலக அளவில் அதன் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அறிக்கை கேட்கும் 14 வகைகளில் அது இடம்பெற்றது. மயில் நாடு முழுவதும் பெருகிவிட்டதையும் அதே கணக்கு காட்டியது. விதைத்த கடலையையும் சோளத்தையும் மயில் கொத்துகிறது என்று மானாவாரி விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததை வெறும் புலம்பல் என்று இனி யாரும் ஒதுக்க முடியாது. சிட்டுக்குருவி அழிகிறது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்ற பரவலான நம்பிக்கைக்கோ தரவு துணைநிற்கவில்லை; பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும் நாடு தழுவிய அளவில் பெரிதாக மாறவில்லை என்று 2020 அறிக்கை கண்டது. மக்கள் திரட்டிய தரவே மக்களிடையே பரவிய நம்பிக்கையைத் திருத்தியது. இந்த முறையின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி இல்லாதவர்கள் தவறாக அடையாளம் காண்பார்களே, அதை வைத்து எப்படி ஆய்வு செய்வது என்பது முதலில் வரும் கேள்வி. வர வேண்டிய கேள்வியும்கூட. தவறுகள் நடக்கின்றன. ஆனால் அவற்றைக் கையாளும் ஏற்பாடு இருக்கிறது. எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்தப் பறவை அதிகபட்சம் எத்தனை இருக்கக்கூடும் என்ற வரம்பு தரவுத்தளத்தில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒருவர் பட்டைத்தலை வாத்து என்று எழுதினால் உடனே விவரம் கேட்கும். பிறகு அந்த வட்டாரத்தை அறிந்த தன்னார்வலர் ஒருவர் படத்தையும் விளக்கத்தையும் பார்த்து ஏற்பார் அல்லது ஒதுக்குவார். இதையும் மீறிச் சில தவறுகள் தங்கும். ஆயினும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நடக்கும் சிறு தவறு, ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பெரிதாகத் திரிப்பதில்லை. அருங்காட்சியக அலமாரிகளிலும் பெயர் மாறி ஒட்டப்பட்ட மாதிரிகள் உண்டு. நிபுணர் தவறமாட்டார் என்ற நம்பிக்கையைவிட, தவறைத் தேடிப் பிடிக்கும் வழி வைத்திருப்பதுதான் அறிவியலுக்கு அரண். இந்தத் தளத்தில் எவருடைய பதிவையும் எவரும் கேள்வி கேட்கலாம்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. பட்டியல்கள் சமமாக வருவதில்லை. நகரங்களைச் சுற்றியும், புகழ்பெற்ற சரணாலயங்களிலும், மலைவாசத்தலங்களிலும் குவிகின்றன. காரும் தொலைநோக்கியும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ளவர்கள் போகும் இடங்கள் அவை. இதைக் கணினி முழுதாகச் சரிசெய்துவிடும் என்று சொல்ல முடியாது. பதிவே இல்லாத கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தைக் கொண்டு ஊகிக்கலாம், அறிய முடியாது. இதற்கு உண்மையான விடையைக் கேரளம் செய்துகாட்டியது. 2015 முதல் 2020 வரை அங்கே மாநிலம் முழுவதையும் சிறு சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரத்துக்குப் போவது என்பதை ஆர்வலரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஆண்டுக்கு இருமுறை, மழைப் பருவத்திலும் வறண்ட பருவத்திலும், ஒதுக்கப்பட்ட இடங்களுக்கே போனார்கள். ரப்பர் தோட்டமா, பேருந்து நிலையமா, சதுப்பு நிலமா என்று பார்க்கவில்லை. சுமார் 25,000 பட்டியல்கள், 361 வகைகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பங்கேற்பு தானாகச் சமமாகாது. சமமாக்கும் திட்டம் போட வேண்டும் என்பதை அந்தக் கணக்கெடுப்பு மெய்ப்பித்தது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இது ஏன் மற்ற இடங்களைவிட முக்கியம் என்றால், 2023 அறிக்கையில் கடுமையாகச் சரிந்தவை காட்டுப் பறவைகளைவிடத் திறந்தவெளிப் பறவைகள். புல்வெளி, முள்புதர், தரிசு, மானாவாரிப் புன்செய் ஆகியவற்றை நம்பி வாழ்பவை. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்து நிலமும், செந்துறையைச் சுற்றிய முந்திரிக்காடுகளும் செம்மண் தரிசும் அத்தகைய நிலங்கள். அரசுக் கோப்பில் தரிசு என்று எழுதப்பட்டால் அங்கே காப்பதற்கு ஒன்றும் இல்லை என்றே பொருள்கொள்ளப்படுகிறது. அங்கே கவுதாரியும் வானம்பாடியும் பனங்காடையும் எத்தனை இருக்கின்றன என்று எழுதி வைக்க ஆள் இல்லாவிட்டால், அந்தப் பொருள்கோளை மறுக்கச் சான்றும் இருக்காது. பயிர் மாறும்போதும், தரிசில் புதிய திட்டம் வரும்போதும் என்ன போனது என்பதைப் பின்னால் யாரும் சொல்ல முடியாது. போனது தெரியாமலே போவதற்கு வெற்றுக் கட்டம் வழிவிடுகிறது.

அரியலூர் மாவட்டத்திலேயே எழுதப்பட்ட இடத்துக்கும் எழுதப்படாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். கரைவெட்டி ஏரி சுமார் 450 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே தண்ணீர் வரும் காலங்களில் நிரம்புகிறது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இந்த ஏரி பறவைகள் சரணாலயமாகி, 2024 ஜனவரி இறுதியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் அறிவிக்கப்பட்டது. சுமார் 198 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன என்பது அந்தத் தகுதிக்கு எடுத்துக்காட்டப்பட்ட விவரங்களில் ஒன்று. அந்த எண் வனத்துறையினரும் ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் கரையில் நின்று எழுதியதன் விளைவு. தொடர்ந்த பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு குளிர்காலத்தில் வாத்துகள் குறைந்தால், அது ஏரியில் நீர் இல்லாததாலா, அல்லது அந்த இனமே குறைந்துவருவதாலா என்று பிரித்தறியப் பல ஆண்டுத் தரவு வேண்டும். ஓர் ஆண்டுக் கணக்கால் பதறவும் முடியும், ஏமாறவும் முடியும். கரைவெட்டிக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்குகூடச் செந்துறைப் பக்கத்துச் சிற்றேரிகளுக்கும் கொல்லைகளுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றையும் இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும், மனிதப் பங்கேற்பு எதற்கு என்ற குரலும் இப்போது கேட்கிறது. உண்மைதான், கருவிகள் வியப்பூட்டுகின்றன. கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021 முதல், பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி இருக்கிறது. ஒலியை ஒரு படமாக மாற்றி, அந்தப் படத்தின் வடிவத்தை அடையாளம் காண்பது அதன் வேலைமுறை. ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் 2017 முதல் ஒரு பூச்சியையோ செடியையோ படமெடுத்து ஏற்றினால் கணினி ஒரு பெயரை முன்மொழிகிறது. ஆனால் இந்த இயந்திரங்கள் எதைக் கற்றன? மனிதர்கள் பெயரிட்டுத் தந்த படங்களையும் ஒலிகளையும்தான். எந்த வட்டாரத்திலிருந்து படங்கள் குறைவாக வந்தனவோ, அந்த வட்டாரத்து உயிர்களில் இயந்திரம் தடுமாறும். வேறெங்கோ உள்ள உறவினத்தின் பெயரைச் சொல்லும். வெற்றுக் கட்டம் கணினியின் அறிவிலும் வெற்றுக் கட்டமாகவே தங்கிவிடுகிறது. விண்வெளி ஆய்விலும் இதே பாடம் உண்டு. 2007-ல் கேலக்ஸி ஜூ என்ற திட்டம் சுமார் 10 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை வடிவவாரியாகப் பிரித்துத் தரும்படி மக்களைக் கேட்டது. ஓராண்டுக்குள் ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தந்தார்கள். பின்னாளில் கணினிகளுக்கு அந்த வேலையைக் கற்பிக்க அந்த மதிப்பீடுகளே பயன்பட்டன. ஆனால் அங்கே ஒரு படத்தில் தெரிந்த விசித்திரமான ஒளிப்பொருளை, இது எதிலும் சேரவில்லையே என்று கேட்டவர் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை. கொடுத்த வகைகளுக்குள் அடங்காததைக் கண்டு நின்று கேட்பது இன்னமும் மனிதரிடம் இருக்கிறது.

பறவைகளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். செந்துறையின் தனிச் செல்வமான புதைபடிவங்களில் என்ன நிலை? 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாக அறிவித்தபோது நாடெங்கும் செய்தியானது. அந்தப் பேச்சு வட்டாரத்தின் நினைவில் தங்கிவிட்டது. 2020 அக்டோபரில் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் பகுதியில் நீர்நிலை ஒன்றில் மண் அள்ளியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. படங்கள் டைனோசர் முட்டை என்ற பெயரோடு கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. புவியியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, இவை முட்டைகள் அல்ல, பழங்கடலின் அடியில் அம்மோனைட் போன்ற உயிரிகளைச் சுற்றிப் படிவு திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்க வேண்டியிருந்தது. இந்த நிகழ்ச்சியை வைத்து, பார்த்தீர்களா, மக்களிடம் விட்டால் இப்படித்தான் என்று சொல்வார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கண்டவர்கள் கண்டதைப் படமெடுத்தார்கள், பகிர்ந்தார்கள், நிபுணர் வந்து பார்க்கும் அளவுக்குச் செய்தியை எட்டச் செய்தார்கள். அவர்கள் பக்கம் குறையில்லை. பறவைக்கு இருப்பதைப் போல, படத்தை அனுப்பினால் இடமும் நாளும் அளவும் கேட்டு வாங்கி, அறிந்தவர் ஒருவரிடம் சேர்த்து, பதில் சொல்லும் வழி புதைபடிவத்துக்கு இல்லை. வழி இல்லாத இடத்தில் வதந்தி போய் உட்கார்ந்தது. கடலடி உருண்டைகளும் அறிவியலுக்கு மதிப்புள்ளவைதான். முட்டை இல்லை என்றதும் அவற்றை எல்லோரும் மறந்துபோனது இன்னொரு இழப்பு.

பதிவு இல்லாததன் விலை என்ன என்பதற்கு இந்த வட்டாரமே உலகுக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் 1980-களின் இறுதியில் விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி டைனோசர் என்று கருதினார்கள். பின்வந்தவர்கள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள். சொல்லப்பட்ட அளவு உண்மையானால், தரையில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. ஆனால் எலும்புகள் மண்ணிலிருந்து எடுத்தபின் மழையிலும் ஈரத்திலும் சிதைந்து போயின. எஞ்சியவை சில கோட்டோவியங்கள். அவை எலும்புகள்தானா, கல்லாகிய மரமா என்றே உலக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஐயம் எழுப்பினார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் வட்டாரம் என்பதால் அந்த ஐயத்தையும் எளிதில் தள்ள முடியவில்லை. 2022-ல்தான் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் அகழ்வின்போது எடுத்த பழைய ஒளிப்படங்களை வெளியிட்டார்கள். அதன்பின் அவை எலும்புகளே என்ற கருத்து வலுப்பெற்றது. சில படங்களுக்கே அவ்வளவு பலன். இன்று சாதாரணக் கைப்பேசியால் ஒரு பொருளைச் சுற்றி நாற்பது, ஐம்பது படங்கள் எடுத்தால், கணினி அவற்றைத் தைத்து, எந்தக் கோணத்திலும் திருப்பி அளக்கக்கூடிய முப்பரிமாண வடிவத்தைத் தரும். எலும்பு நொறுங்கினாலும் வடிவம் மிஞ்சும். அந்த வசதி அன்றைக்குக் கல்லமேட்டில் இருந்திருந்தால் முப்பது ஆண்டுக்கும் மேலான தர்க்கம் தேவைப்பட்டிராது.

உள்ளூர்க்காரர் ஒருவரின் தொடர்ந்த கவனம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டம் காட்டுகிறது. விஷால் வர்மா என்ற பள்ளி ஆசிரியர் பல ஆண்டுகளாக அந்தப் பகுதியில் புதைபடிவங்களைத் தேடிப் பதிவுசெய்து வருபவர். நர்மதைப் பள்ளத்தாக்கில் டைனோசர் கூடுகள் 92-ஐயும் முட்டைகள் 256-ஐயும் விவரித்து 2023 ஜனவரியில் வெளியான ஆய்வுக் கட்டுரையில், டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு அவரும் ஆசிரியர்களில் ஒருவர். தகவல் தந்தவர் என்று அடிக்குறிப்பில் நன்றி சொல்லி முடிக்கவில்லை. கட்டுரையின் தலையில் பெயர் இருக்கிறது. பொதுமக்களின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொண்டு புகழை நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதற்கு விடை இந்த மாதிரியான நடைமுறைதான். பறவைத் தரவைப் பற்றியும் இதே கவலை உண்டு: நம் ஊர்த் தரவு அமெரிக்கக் கணினியில் போய்ச் சேர்கிறதே என்று கேட்கிறார்கள். அந்தத் தரவை ஆய்வுக்குக் கேட்கும் எவருக்கும் இலவசமாகத் தருகிறார்கள் என்பதும், இந்திய அறிக்கையை இந்திய நிறுவனங்களே தயாரித்தன என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு பிரதியும், அதைக் கையாளும் திறனும் நம் பல்கலைக்கழகங்களிலும் மாவட்டக் கல்லூரிகளிலும் இருப்பதே பாதுகாப்பு. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிப் பல தலைமுறைக்கான பதிவை வைத்திருக்கக் கூடாது.

இடத்தை வெளிப்படுத்தினால் திருட்டு நடக்கும் என்ற அச்சத்தை நான் முழுதாக ஏற்கிறேன். வேட்டைக்கோ கடத்தலுக்கோ இலக்காகும் பறவைகளின் துல்லியமான இடத்தை இ-பேர்டு பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது. புதைபடிவத்துக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் பறவை பறந்துபோகும், கல் ஓடாது. அரியலூர் அம்மோனைட்டுகளைச் சேகரிப்புப் பொருளாக விரும்புவோர் இருக்கிறார்கள். புவிமரபிடங்களையும் புதைபடிவங்களையும் காப்பதற்கான சட்ட முன்வரைவை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2022-ல்தான் வெளியிட்டது. ஆகவே இங்கே திறந்த தரவு என்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது என்று கொள்ளக்கூடாது. உருவமும் அளவும் பாறை அடுக்கும் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். இடப்புள்ளி அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கட்டும். கண்டவர் கல்லைப் பெயர்த்து எடுக்காமல், இருந்த இடத்திலேயே அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுப்பதுதான் முதல் விதி. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத புதைபடிவம், அழகாக இருந்தாலும், பாதி ஊமை.

காலமும் கையில் நிறைய இல்லை. செந்துறையையும் அரியலூரையும் சுற்றிய சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட் ஆலைகளின் உயிர்; அந்தச் சுண்ணாம்புக்கல்லே பழங்கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து ஆனது. ஆக, சுரங்கம் ஆழமாகும் ஒவ்வொரு நாளும் புதிய அடுக்கு வெளிச்சத்துக்கு வந்து, அன்றே அரைவைக்கும் போகிறது. அந்த அடுக்கை முதலில் பார்க்கிறவர்கள் ஜேசிபி ஓட்டுநர்கள், வெடி வைப்பவர்கள், லாரியில் ஏற்றுபவர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம். இவர்கள் நாள்தோறும் இருக்கிறார்கள், இவர்கள் சட்டைப் பையில் கேமராவும் இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தமிழ் வாட்ஸ்அப் எண், வந்த படத்துக்கு ஒரு பதிவெண், ஒரு வாரத்துக்குள் இது என்ன என்று சொல்லும் ஒரு புவியியலாளர், முக்கியமானதென்றால் அந்த முகப்பில் இரண்டு நாள் வேலையை நிறுத்தி அளந்து முப்பரிமாணப் படமெடுக்கச் சுரங்க நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு, கண்டவரின் பெயர் அருங்காட்சியக அட்டையில். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். செந்துறைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் இரண்டு சதுரக் கட்டங்களை ஒதுக்கி, பொங்கல் கணக்கெடுப்போடு கோடையிலும் ஒருமுறை முழுப் பட்டியல் எழுதச் சொன்னால் பறவைப் பக்கமும் நகரத் தொடங்கும். பனங்காடையையும் கவுதாரியையும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை; நேரத்தையும் இடத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதப் பழக்கினால் போதும்.